ஸயாஜீ வராத நாள்: உதவிப் பயிற்சியாளர்களுக்குள் அடுத்த தலைமைப் பயிற்சியாளரைக் கண்டுபிடிப்பது எப்படி

ரங்கூன் தாம்வேயில் எங்கள் கூடைப்பந்து மைதானம் சிமென்ட் தரை. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். பிள்ளைகள் துடைப்பத்தால் தேய்த்துவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்கள். அந்த மைதானத்தில் பதினான்கு வருஷம் நான் இரண்டாம் ஆள். முதல் ஆள் எங்கள் ஸயாஜீ, பர்மிய மொழியில் பெரிய வாத்தியார். பர்மியப் பிள்ளைகள் என்னை ஸயா என்பார்கள், தமிழ்ப் பிள்ளைகள் மாமா என்பார்கள். இரண்டாம் ஆளுக்கு இந்த இரண்டு பெயரும் ஒன்றாகவே பொருந்தும்.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல், மே வந்தால் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அணிகள் சில தங்கள் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பும். உடனே பத்துப் பதினைந்து உதவிப் பயிற்சியாளர்களின் பெயர்கள் அடிபட ஆரம்பிக்கும். எங்கள் பிள்ளைகள் அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "மாமா, இதில் யாருக்கு வேலை கிடைக்கும்? யார் தேறுவார்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கென்று ஒரு முறை உருவாகிவிட்டது. ரங்கூனிலோ மோல்மேனிலோ, எங்கிருந்து ஆட்டம் பார்ப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் நேரம். நியூயார்க்கில் இரவு ஏழரை மணி ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணிக்கு. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு ஏழு மணிக்கு. கரன்ட் முறை வைத்து வரும் ஊரில் முழு ஆட்டத்தையும் நேரலையில் பார்ப்பது எல்லா நாளும் நடக்காது. அதனால் கடைசிக் குவார்ட்டரை மட்டுமாவது முழுசாகப் பாருங்கள். ஒரு அணியைத் தேர்ந்தெடுத்து, அதே அணியை ஒரு மாதம் தொடர்ந்து பாருங்கள். தினம் ஒரு அணி என்று தாவினால் பெஞ்சில் இருப்பவர்களின் முகம்கூட மனதில் பதியாது.

டைம்-அவுட்டில் யாரைப் பார்ப்பது

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி டைம்-அவுட் கேட்டதும் நாம் எழுந்து போய் டீ ஊற்றிக்கொள்வோம். அந்த நேரத்தில்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்கள் நாற்காலியில் உட்காருவார்கள். பயிற்சியாளர்கள் உடனே அவர்களிடம் போக மாட்டார்கள். இரண்டு மூன்று எட்டு தள்ளி, களத்துக்குள்ளேயே நின்று, தங்களுக்குள் ஒரு சின்ன வட்டம் போடுவார்கள். டைம்-அவுட் மொத்தமே 75 விநாடி. அதில் முதல் பகுதி இந்த வட்டத்துக்கே போய்விடும். கேமரா பெரும்பாலும் விளம்பரத்துக்குத் திரும்பிவிடும். பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் சில சமயம் ஐந்தாறு விநாடி காட்டுவார்கள். அந்த ஐந்தாறு விநாடிக்காகக் காத்திருங்கள்.

அந்த வட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் யார் பக்கம் காதைச் சாய்க்கிறார்? யார் பேசி முடித்த பிறகு ஆட்டமுறை வரையும் பலகையைக் கையில் எடுக்கிறார்? ஒருவர் நீளமாகப் பேசுவார், தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் நாலே சொல் சொல்வார், தலைவர் தலையாட்டிவிட்டு நேராக ஆட்டக்காரர்களிடம் போவார். அந்த நாலு சொல்காரரை நோட்டில் குறியுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. என்.பி.ஏ. அணிகளில் எதிரணியைப் படித்துக் குறிப்புத் தயாரிக்கும் வேலையை உதவியாளர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று பேசுபவர் இன்றைய எதிரணியைப் படித்து வந்தவராக இருக்கலாம். அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் பேசுவார். ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாமல் ஒரு மாதம் பார்க்கச் சொல்வது இதனால்தான். எந்த எதிரணி வந்தாலும், தாக்குதலானாலும் தடுப்பானாலும், கடைசி இரண்டு நிமிஷத்தில் தலைவர் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒருவர் இருப்பார். நீங்கள் தேடுவது அவரைத்தான்.

ஃப்ரீ த்ரோ நேரத்தையும் விடாதீர்கள். ஒருவன் கோட்டில் நின்று எறியும்போது மற்ற நாலு பேரில் ஒருவன் பெஞ்சுப் பக்கம் ஓடுவான். அவன் யாரிடம் போகிறான்? கோபத்தில் இருப்பவன் யாரிடம் போய்க் கோபத்தைக் கொட்டுகிறான்? 2019-20 பருவத்திலிருந்து நடுவர் முடிவை எதிர்த்து சாலஞ்ச் கேட்கலாம். தோற்றால் ஒரு டைம்-அவுட் போய்விடும். கேட்கச் சொல்லி விரலைச் சுழற்றுபவர் யார், வேண்டாம் என்று கையை அசைப்பவர் யார் என்று பாருங்கள். எல்லோரும் கத்தும்போது வேண்டாம் என்று சொல்கிற ஆளிடம் எனக்கு மதிப்பு அதிகம்.

எங்காவது தனியாக நின்றிருக்கிறாரா

நோட்டில் இரண்டு மூன்று பெயர் சேர்ந்த பிறகு அவர்களுடைய பழைய கணக்கைத் தேடுங்கள். பெரிய பெயருள்ள தலைவரிடம் பத்து வருஷம் இருந்தார் என்பது எனக்கு அவ்வளவு பெரிதில்லை. எங்காவது, எவ்வளவு சின்ன இடமாக இருந்தாலும், தோல்விக்குத் தானே பொறுப்பு என்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஜோ மசூலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில், பருவம் தொடங்க மூன்று நான்கு வாரமே இருக்கும்போது, பாஸ்டன் செல்டிக்ஸ் தன் தலைமைப் பயிற்சியாளர் இமே உடோகாவை இடைநீக்கம் செய்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த 34 வயது மசூலாவை அந்த இடத்தில் வைத்தார்கள். யார் இவர் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் அவர் ஏற்கனவே மேற்கு வெர்ஜீனியாவில் ஃபேர்மாண்ட் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் இரண்டு பருவம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 2024இல் கோப்பையைத் தூக்கினார். மார்க் டேக்னால்ட் ஓக்லஹோமா சிட்டியின் கீழ்லீக் (ஜி லீக்) அணியில் ஐந்து பருவம் தலைவர். அதன் பிறகு ஒரே வருஷம் மேலணியில் உதவியாளர், 2020இல் தலைவர். நிக் நர்ஸ் இங்கிலாந்திலும் அமெரிக்கக் கீழ்லீக்கிலும் அணிகளை நடத்தி, கீழ்லீக்கில் 2011, 2013 என்று இரண்டு முறை பட்டம் வாங்கியவர். டொரான்டோவில் உதவியாளராக ஐந்து பருவம் இருந்து, தலைவரான முதல் வருஷமே, 2019இல், சாம்பியன்.

தேசிய அணிகளையும் பாருங்கள். 2023 உலகக் கோப்பைக்கு முன் நிக் நர்ஸ் விலகியதால் கனடா அணி ஜோர்டி ஃபெர்னாண்டஸ் கைக்கு வந்தது. அவர் அப்போது சாக்ரமென்டோவில் உதவியாளர். மணிலாவில் நடந்த வெண்கலப் பதக்க ஆட்டத்தில் கனடா கூடுதல் நேரத்தில் அமெரிக்காவை 127-118 என்று வென்றது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம். பத்துப் பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அன்று இரவு நோட்டில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அடுத்த வருஷம் புரூக்ளின் நெட்ஸ் அவரைத் தலைவராக்கியது.

விதிவிலக்கு உண்டு. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995இல் மியாமியில் வீடியோ அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அதே அணியிலேயே படிப்படியாக ஏறி 2008இல் தலைவர், 2012, 2013 சாம்பியன். அம்மா பிலிப்பைன்ஸ்காரர் என்பதால் நம் பக்கத்து ஆள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனால் மேலே அணி நிர்வாகி பாட் ரைலி மாதிரி ஒருவர் நின்று வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

தலைவர் இல்லாத நாளில் என்ன செய்தார்

எல்லாவற்றையும்விட நான் நம்புவது இந்தச் சோதனையைத்தான். ஏன் என்று சொல்வதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஸயாஜீக்கு டெங்கு வந்தது. ஐந்து வாரம் படுக்கை. அணி என் கையில். எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆட்டமுறைகளில் பாதி நான் வரைந்தவை. இரண்டாவது வாரம் ஒரு போட்டி. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயின்ட் கார்டு பையனுக்கு இரண்டாம் பாதியில் கணுக்கால் புரண்டது. வலியை மறைத்துக்கொண்டு ஓடினான். வலது காலை ஊன்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவன் ஏழு வயசிலிருந்து என் கையைப் பிடித்து வளர்ந்தவன். அவன் அம்மா சுவரோரம் குடை பிடித்து நின்றுகொண்டு, "தம்பி, நீங்கதான் அவனைப் பாத்துக்கணும்" என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அவனை வெளியே கூப்பிட்டால் அவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கூப்பிடவில்லை. கடைசி நாலு நிமிஷத்தில் அவன் காவல் காத்தவன் மூன்று முறை அவனைத் தாண்டிப் போனான். மூன்று புள்ளியில் தோற்றோம். அந்தக் கால் வீங்கி, பையன் இரண்டு மாதம் ஆடவில்லை.

ஸயாஜீ வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆட்டமுறை பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நீளமாகச் சொன்னேன். கொசுவலைக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே கேள்வி கேட்டார். "யாரை உட்கார வைத்தாய்?"

உதவியாளராக இருக்கும்வரை யாரையும் உட்கார வைக்கிற வேலை நமக்குக் கிடையாது. உட்கார வைத்த பிறகு போய்த் தோளைத் தட்டுகிற வேலைதான் நமக்கு. பிள்ளைகள் நம்மிடம் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். தலைவரான அன்றைக்கு அந்த உறவு திரும்பிக்கொள்கிறது. அதைத் தாங்குகிற ஆள் யார் என்று வட்டத்துக்குள் பேசும் பேச்சில் தெரியாது. தலைவர் இல்லாத நாளில்தான் தெரியும்.

அதனால் அப்படிப்பட்ட நாட்களைத் தேடிப் பிடியுங்கள். காய்ச்சல், இடைநீக்கம், நடுவர் வெளியே அனுப்பிய ஆட்டம், பருவத்தின் நடுவில் வேலைநீக்கம், எதுவாகவும் இருக்கலாம். அன்று ஆட்டப் பட்டியலைத் திறந்து யார் எத்தனை நிமிஷம் ஆடினார் என்று பாருங்கள். வழக்கமாக 34 நிமிஷம் ஆடுபவர் 22 நிமிஷம்தான் ஆடியிருக்கிறார், காயமும் இல்லை என்றால், அங்கே ஒரு தலைவர் முடிவெடுத்திருக்கிறார்.

டைரன் லூ 2016 ஜனவரியில் கிளீவ்லாந்தில் டேவிட் பிளாட்டின் இடத்துக்கு வந்தார். அணி அப்போது 30 வெற்றி, 11 தோல்வி. ஓடிக்கொண்டிருந்த வண்டி. வண்டியை அப்படியே ஓட்டுவது சுலபம். அவர் அணியின் பெரிய நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸிடமே முகத்துக்கு நேரே பேசினார். இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தின் இடைவேளையில் லெப்ரானின் ஆட்டத்தைக் குறை சொல்லிக் கடிந்துகொண்டதை லூவே பின்னால் சொல்லியிருக்கிறார். ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்த அணி கோப்பை வென்றது. 2023 பிளேஆஃபில் ஃபிலடெல்ஃபியாவிடம் 3-2 என்று பின்தங்கியபோது மசூலா, நன்றாக ஆடிவந்த டெரிக் வைட்டைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு ராபர்ட் வில்லியம்ஸை இறக்கினார். அடுத்த இரண்டு ஆட்டமும் பாஸ்டனுக்கு. டேக்னால்ட் 2024இல் டல்லாஸுக்கு எதிரான தொடரில், பருவம் முழுக்கத் தொடக்க ஐவரில் இருந்த ஜோஷ் கிடியை உட்கார வைத்தார். அந்தத் தொடரில் தோற்றார்கள். ஆனாலும் அந்த முடிவைப் பார்த்ததும் இந்த ஆள் நிலைப்பார் என்று எழுதி வைத்தேன். 2025இல் சாம்பியன்.

2025 ஏப்ரலில் டென்வர் நகெட்ஸ், பருவம் முடிய மூன்றே ஆட்டம் இருக்கும்போது மைக்கேல் மலோனை நீக்கி டேவிட் அடெல்மனிடம் அணியைக் கொடுத்தது. மூன்றிலும் வெற்றி. பிறகு கிளிப்பர்ஸை ஏழு ஆட்டத்தில் தாண்டினார், அந்த வருஷம் சாம்பியனான ஓக்லஹோமாவை ஏழாவது ஆட்டம்வரை இழுத்தார். வேலை நிரந்தரமானது. அவருடைய அப்பா ரிக் அடெல்மன் பெயர்பெற்ற பயிற்சியாளர் என்பார்கள். என் நோட்டில் நான் எழுதியது வேறு. போர்ட்லாந்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்குத் தலைவராக இருந்தவர் அவர்.

இந்தச் சோதனையில் ஏமாறவும் இடமுண்டு. ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். 2015-16 பருவத்தின் தொடக்கத்தில் ஸ்டீவ் கெர் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வர முடியாமல் இருந்தபோது கோல்டன் ஸ்டேட் அணியை அவருடைய உதவியாளர் லூக் வால்டன் நடத்தினார். முதல் 24 ஆட்டமும் வெற்றி, மொத்தம் 39 வெற்றி, 4 தோல்வி. இவர்தான் அடுத்த ஆள் என்று மைதானத்தில் எல்லோரிடமும் சொன்னேன். லேக்கர்ஸ் அவரைக் கூட்டிப்போனது. மூன்று பருவத்தில் 26, 35, 37 வெற்றி, ஒரு முறைகூட பிளேஆஃப் இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்தபோது புரிந்தது. முந்தின வருஷம் சாம்பியனான அணி, ஸ்டீபன் கரியின் உச்ச காலம், கெர் போட்டு வைத்த பாதை. வால்டன் அங்கே யாரையும் உட்கார வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஸயாஜீ கேட்ட அதே கேள்வியை நான் அங்கே கேட்க மறந்தேன்.

மினசோட்டாவில் உதவியாளராக இருந்த மைக்கா நோரியை இதே கண்ணால் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் ஃபீனிக்ஸில் சொந்த அணி ஆட்டக்காரர் மைக் கான்லி ஓட்ட வேகத்தில் வந்து மோதி, மினசோட்டாவின் தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ் ஃபின்ச்சுக்கு முழங்கால் தசைநாண் அறுந்தது. அடுத்த சுற்றில் ஃபின்ச் பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, கோட்டோரம் நின்றவர் நோரி. டென்வரில் முதல் இரண்டு ஆட்டமும் வென்றார்கள், ஏழாவது ஆட்டத்தில் 20 புள்ளி பின்தங்கியும் மீண்டு வந்து தொடரை எடுத்தார்கள். அடுத்த கோடையில் நியூயார்க் நிக்ஸ் ஆள் தேடியபோது அவரையும் கூப்பிட்டுப் பேசியது. அவரிடம் ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை கண்ணாலேயே தெரிகிறது. ஆனால் பின்னால் ஃபின்ச்சின் குரல் இருந்தது. ஆகவே என் நோட்டில் அவர் பெயருக்குக் கீழே ஒரே கோடுதான். இரண்டாவது கோட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பக்கத்து நாற்காலி

ஒருவர் தலைவரானால் அவர் பக்கத்தில் யார் உட்காருவார் என்பதையும் யோசியுங்கள். மசூலாவின் முதல் வருஷம் பெஞ்ச் மெலிந்திருந்தது. வில் ஹார்டி அந்தக் கோடையிலேயே யூட்டாவுக்குப் போயிருந்தார். டேமன் ஸ்டௌடமயர் நடுவிலே கல்லூரி வேலைக்குப் போனார். அந்த வருஷம் மியாமியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். அடுத்த வருஷம் சார்லஸ் லீயும் சாம் கசெலும் வந்து உட்கார்ந்தார்கள், கோப்பை வந்தது. சார்லஸ் லீயே அதன் பிறகு ஷார்லட்டுக்குத் தலைவரானார். தன்னைவிட அனுபவசாலியைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூச்சப்படாதவரா என்று பாருங்கள்.

ஒரு முறை தலைவராக இருந்து இறங்கிய ஆட்களைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். கென்னி அட்கின்சன் புரூக்ளினை விட்டு வந்து, மறுபடி உதவியாளராகக் கிளிப்பர்ஸிலும் கோல்டன் ஸ்டேட்டிலும் உட்கார்ந்தார். 2024இல் கிளீவ்லாந்து கூப்பிட்டது. முதல் பருவத்தில் 64 வெற்றி, அந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர்.

தகுதி இருந்தும் கதவு திறக்காத கதையும் நோட்டில் இருக்க வேண்டும். 2020 டிசம்பர் 30 அன்று சான் அன்டோனியோவில் அந்த அணியின் தலைவர் கிரெக் போபோவிச்சை நடுவர் வெளியே அனுப்பினார். போபோவிச் போகும்போது தன் உதவியாளர் பெக்கி ஹாமனை நோக்கிக் கையைக் காட்டிவிட்டுப் போனார். என்.பி.ஏ. ஆட்டமொன்றில் அணியை நடத்திய முதல் பெண் ஹாமன். 2014இலிருந்து அந்தப் பெஞ்சில் இருந்தவர். எந்த என்.பி.ஏ. அணியும் அவருக்குத் தலைமை நாற்காலியைக் கொடுக்கவில்லை. 2022 பருவத்துக்குப் பெண்கள் லீக்கில் லாஸ் வேகஸ் ஏசஸ் கொடுத்தது. அந்த வருஷமே சாம்பியன், அடுத்த வருஷமும் சாம்பியன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். எங்கள் மைதானத்துப் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வேன்.

நோட்டைத் தொடங்க நல்ல மாதம் ஜூலை. லாஸ் வேகஸில் சம்மர் லீக் நடக்கும். அங்கே தலைவர்கள் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், உதவியாளர்கள்தான் அணியை நடத்துவார்கள். நமக்கு மழை கொட்டும், மைதானம் குளமாகக் கிடக்கும், காலையில் வேறு வேலையும் இருக்காது. ஒரு உதவியாளருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, யாரை வெளியே எடுத்தார், எப்போது எடுத்தார், எடுக்கப்பட்டவன் அவரைத் தாண்டிப் போகும்போது அவர் முகத்தைப் பார்த்தானா, அவ்வளவு எழுதினால் போதும்.

அணி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. ஸயாஜீ ஓய்வெடுத்த பிறகு அணி இப்போது என் பொறுப்பில். எனக்கு உதவியாக இருப்பவர் இருபத்தாறு வயசுப் பெண், பிள்ளைகளுக்கு ஸயாமா, அதாவது டீச்சர். மாதத்தில் ஒரு ஞாயிறு பயிற்சி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் விசிலை அவர் கையில் கொடுத்துவிட்டு மைதானத்தை விட்டே போய்விடுவேன். ஓரமாக நின்றால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து பந்து தரையில் படும் சத்தமும் விசிலும் மட்டும் கேட்கும். போன மாதம் ஆட்டம் முடிந்து அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. எத்தனை புள்ளி வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை.

"யாரைம்மா உட்கார வைத்தாய்?"

"கேப்டனை, ஸயா. அழுதுகொண்டே போனான்."

இன்னொரு டீ சொன்னேன்.